மாலத்தீவு: அறையைப் பிடிக்கும் முன் படகைப் பாருங்கள்

கேள்வி: மே மாத விடுமுறையில் நான், மனைவி, எட்டு வயது மகள், அம்மா என நாலு பேரும் மாலத்தீவில் 4 இரவு தங்க ஆசைப்படுகிறோம். ரிசார்ட் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. செலவைக் குறைக்க வழி உண்டா? அம்மா சுத்த சைவம்.

பதில்: உண்டு. ரிசார்ட்டை மறந்துவிட்டு, மக்கள் குடியிருக்கும் தீவு ஒன்றில் கெஸ்ட் ஹவுஸ் பிடியுங்கள். அதே கடல், அதே வெள்ளை மணல், வாடகை மட்டும் பல மடங்கு குறைவு.

எல்லோரும் அறையின் படத்தைப் பார்த்து மயங்கி முன்பதிவு செய்துவிட்டு, அங்கே எப்படிப் போவது என்று அப்புறம்தான் விசாரிக்கிறார்கள், பட்ஜெட் பெரும்பாலும் அங்கேதான் எகிறுகிறது. தூரத் தீவுகளுக்கு சீபிளேன், அதாவது கடலிலேயே இறங்கும் சின்ன விமானம், போய்வர தலைக்குச் சில நூறு டாலர். அதுவும் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும், ஆகவே உங்கள் விமானம் சாயங்காலம் இறங்கினால் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹுல்ஹுமாலேயில் ஓர் இரவு வாடகை தண்டம்.

உங்களுக்கு நான் சொல்வது மாஃபுஷி தீவு. விமான நிலையத்திலிருந்து ஸ்பீட்போட்டில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். கூட்டம் அதிகம், கட்டிடங்களும் உயர்ந்துவிட்டன, உண்மைதான், ஆனால் போட்டி இருப்பதால் ஸ்நார்க்லிங் (மாஸ்க், மூச்சுக்குழாய் மாட்டி மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பது), மணல் திட்டு, டால்பின் பார்க்கும் பயணமெல்லாம் மலிவாகக் கிடைக்கும். இரைச்சல் பிடிக்காதென்றால் அதே வழியில் குல்ஹி இருக்கிறது, சின்னஞ்சிறு தீவு, நடந்தே சுற்றி வந்துவிடலாம். அரசு ஃபெர்ரி இன்னும் மலிவு, ஆனால் அது தலைநகர் மாலேயிலிருந்து புறப்படுவது, ஒன்றரை மணி நேரம் ஆகும், வெள்ளிக்கிழமையை நம்ப முடியாது. அம்மாவையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு அந்த அலைச்சல் வேண்டாம்.

மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் நேரம். நாள் முழுக்க மழை கொட்டும் என்றில்லை, வெயிலும் அடிக்கும், வாடகையும் இறங்கியிருக்கும், ஆனால் கடல் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அருகிலுள்ள தீவைச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். படகில் அம்மாவைப் பின்வரிசையில் உட்கார வையுங்கள், முன்பக்கம்தான் தூக்கித் தூக்கிப் போடும்.

விலைப்பட்டியலில் ‘100 டாலர் ++’ என்று இருந்தால் அது 100 அல்ல. 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அந்த 110-க்கு மேல் 17 சதவீத வரி, ஆக 128.70. இது போக கிரீன் டாக்ஸ் என்ற சுற்றுச்சூழல் வரி: 50 அறைக்கு உட்பட்ட கெஸ்ட் ஹவுஸ் என்றால் தலைக்கு ஓர் இரவுக்கு 6 டாலர், உங்கள் மகளுக்கும் உண்டு. நாலு பேருக்கு 4 இரவு, 96 டாலர். எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு, படகு அதில் அடக்கமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சாப்பாடுதான் அம்மாவுக்குச் சிக்கல். அங்கே காலைப் பலகாரமே மஸ் ஹுனி: சூரை மீனோடு தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய் பிசைந்து ரொட்டியுடன் தருவார்கள். நம் ஊர்க் கடற்கரையில் மாசி என்கிறோமே, அந்த மாசிக் கருவாட்டுக்குப் பேர்போன நாடு! குழம்பில் மீன் துண்டு இல்லாவிட்டாலும் மீன் சாறு இருக்கலாம். ‘சைவம்’ என்று மட்டும் சொல்லாமல் மீன், மாசி, மீன் சாறு எதுவும் கூடாது என்று விளக்கிச் சொல்லுங்கள். பருப்புச் சோறு கேட்டால் செய்து தரும் இடங்கள் உண்டு. ஊறுகாய், பருப்புப் பொடி எடுத்துப் போவது உத்தமம்.

பூஜைக்கு அம்மா சின்னப் பிள்ளையார் வைத்திருந்தால் வீட்டிலேயே விட்டுவரச் சொல்லுங்கள், வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுபோகத் தடை. மதுவும் அப்படித்தான், பெட்டியில் இருந்தால் சுங்கத்தில் பிடிப்பார்கள், குடியிருப்புத் தீவுகளில் விற்பதும் இல்லை. நீச்சலுடைக்கென்று தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள், மற்ற இடங்களில் தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். மகளுக்கு அளவான ஸ்நார்க்லிங் மாஸ்க்கை இங்கேயே வாங்கிவிடுங்கள், வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பெரியவர்கள் அளவு, தண்ணீர் ஏறிவிடும்.

இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா போய் இறங்கியதும் இலவசம். கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற அரசின் இணையப் பயணப் படிவத்தை நாலு பேருக்கும் நிரப்ப வேண்டும். அதற்கும் கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளம் எதுவானாலும் போலிதான், மூடிவிடுங்கள்.