ஒரே பெயரில் டாக்டரும் கண்டுபிடிப்பாளரும் இருந்தால், இருவரும் ஒருவர்தானா?

உங்களுக்கு அறுவை சிகிச்சை செய்யப்போகும் டாக்டரின் பெயரைத் தேடினால் அதே பெயரில் ஏழெட்டுக் காப்புரிமைகளும் வருகின்றன, அந்தக் கருவிகளைக் கண்டுபிடித்தவர் இவர்தானா என்று எப்படி உறுதி செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். உறுதி செய்ய வழி உண்டு. ஆனால் உறுதியாகும் வரை அவர்களை இரண்டு ஆட்களாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு ஆய்வு நூலகத்தில் ஆய்வாளர்களின் பதிவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு இதய நோய் டாக்டரின் பக்கத்தில் ஆறு காப்புரிமைகளைச் சேர்த்தேன். பெயர் அதே பெயர். நடு இனிஷியலும் ஒன்று, ஊரும் ஒன்று. ஆறுமே ரத்தக் குழாய்க்குள் செலுத்தும் வடிகுழாய்களைப் பற்றியவை. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன். நாலு மாதம் கழித்து அந்த டாக்டரிடமிருந்தே கடிதம் வந்தது. அவை தன்னுடையவை அல்ல, அதே ஊரில் உள்ள ஒரு இன்ஜினியருடையவை என்று பொறுமையாக எழுதியிருந்தார். முதல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வருடம் தான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்ததையும் குறிப்பிட்டிருந்தார். அவர் எப்போது மருத்துவப் பட்டம் பெற்றார் என்று ஒருமுறை பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்தில் அதை நீக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்குள் எங்களிடமிருந்து எடுத்து வேறு மூன்று இடங்களில் போட்டுவிட்டார்கள். அவற்றில் ஒன்றில் இன்றுவரை திருத்தவில்லை. ஒருவருடைய பதிவு இரண்டாகப் பிரிந்து கிடந்தால் என்றைக்கு வேண்டுமானாலும் சேர்க்கலாம். இருவரைத் தவறாக ஒன்றாக்கிவிட்டால், பிரிப்பது சேர்த்தவர் கையில் இல்லை.

பெயர் எவ்வளவு பலவீனமான சாட்சி என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே உடற்கூறியல் பேராசிரியர் பதவியில் 1720 முதல் 1846 வரை தாத்தா, மகன், பேரன் என்று மூன்று பேர் அடுத்தடுத்து இருந்தார்கள். மூவர் பெயரும் அலெக்சாண்டர் மன்ரோ. ஒரே ஊர், ஒரே துறை, ஒரே நாற்காலி. கடைசியில் முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர் என்று லத்தீனில் எண் போட்டுத்தான் பிரித்துச் சொல்கிறார்கள். மூளைக்குள் இருக்கும் மன்ரோ துளை இரண்டாமவர் பெயரால் வந்தது. கண்டுபிடிப்பாளர்களிலும் இது உண்டு. ரப்பரைப் பதப்படுத்தும் முறைக்கு 1844இல் காப்புரிமை பெற்ற சார்லஸ் குட்இயரின் மகன் பெயரும் சார்லஸ் குட்இயர்தான். மகன் ஈடுபட்டது ஷூ தைக்கும் இயந்திரத்தில். தமிழில் தேடினால் இன்னொரு சங்கடம் சேர்ந்துகொள்கிறது. அட்ரினல் சுரப்பி நோயை 1855இல் விவரித்த டாக்டர் தாமஸ் அடிசன். அமெரிக்காவில் மட்டும் 1,093 காப்புரிமை பெற்றவர் தாமஸ் எடிசன். இரண்டு பெயருக்கும் வித்தியாசம் முதலில் உள்ள ஒரே ஓர் எழுத்து.

மறுபக்கமும் ஏமாற்றும். டாக்டர் வேறு, கண்டுபிடிப்பாளர் வேறாகத்தான் இருப்பார்கள் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 1851இல் பனிக்கட்டி செய்யும் இயந்திரத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ஜான் கோரி ஒரு டாக்டர்தான். காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க வழி தேடியவர் அந்த இயந்திரத்தில் வந்து நின்றார். லேசரால் கண்புரையை அகற்றும் கருவிக்கு 1988இல் காப்புரிமை பெற்ற பாட்ரீசியா பாத் கண் டாக்டர்.

சரி, உங்கள் டாக்டருக்கு வருவோம். முதலில் அவருடைய பதிவு எண்ணைக் கண்டுபிடியுங்கள். பெயர்ப் பலகையில் இல்லாவிட்டாலும் அவர் பதிவு செய்துள்ள மருத்துவக் கவுன்சிலின் பட்டியலில் இருக்கும். பிரிட்டனில் என்றால் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் 7 இலக்க எண். அதே பக்கத்தில் எந்தக் கல்லூரியில் எந்த வருடம் பட்டம் பெற்றார் என்றும் வரும். அமெரிக்காவில் என்றால் என்பிஐ என்கிற 10 இலக்க எண். ஊர் மாறினாலும் சிறப்புத் துறை மாறினாலும் அந்த எண் மாறாது. ஆனால் டாக்டர்களுக்கு மட்டும் தரும் எண் அல்ல அது, நர்ஸ்களுக்கும் பல் மருத்துவர்களுக்கும் உண்டு. அது இருப்பதாலேயே உரிமம் நடப்பில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உரிமத்தை அந்தந்த மாநில வாரியம் தனியாகத் தருகிறது. அதனால் ஒரே டாக்டருக்கு இரண்டு மூன்று மாநிலங்களில் இரண்டு மூன்று உரிம எண்கள் இருக்கலாம், அவரை மூன்று பேராக நினைத்துவிடாதீர்கள். ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது கண்ணில் பட்டால் பதிவு எண்ணோடோ உரிம எண்ணோடோ ஒப்பிடாமல் யாரிடமும் சொல்லாதீர்கள். பெயர் ஒன்றாக இருந்த ஒரே காரணத்துக்காக இன்னொருவரின் தண்டனையைச் சுமப்பதைவிடக் கொடுமை ஒரு டாக்டருக்கு வேண்டியதில்லை.

அடுத்து கட்டுரைகள். ஆய்வாளர்களுக்கு 2012 முதல் ஆர்கிட் என்று 16 இலக்க அடையாள எண் தருகிறார்கள். (கடைசி இடத்தில் சில சமயம் எக்ஸ் என்ற எழுத்து இருக்கும், அது தட்டச்சுப் பிழை அல்ல.) ஆனால் அந்தப் பக்கத்தை நிரப்புவது அவரவர்தான். ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழேயும் அதை யார் சேர்த்தது என்று குறிப்பு இருக்கும், அதைப் பாருங்கள். பதிப்பகம் நேரடியாகச் சேர்த்திருந்தால் மதிப்பு அதிகம். பழைய கட்டுரைகளுக்கு இந்த வசதியும் இல்லை. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் ஆசிரியர்களின் முழுப் பெயர் வரத் தொடங்கியதே 2002இல்தான். அதற்கு முன்பு குடும்பப் பெயரும் இனிஷியலும் மட்டும். முகவரி விஷயம் இன்னும் மோசம். 2014க்கு முன்பு முதல் ஆசிரியருடைய முகவரியை மட்டுமே ஏற்றினார்கள்.

காப்புரிமைதான் இருப்பதிலேயே கடினம், ஏனென்றால் கண்டுபிடிப்பாளருக்கு என்று அடையாள எண்ணே கிடையாது. அமெரிக்காவில் பேடன்ட்ஸ்வியூ என்ற திட்டம் 1976 முதலான காப்புரிமைகளை மென்பொருள் கொண்டு ஆள்வாரியாகக் குழு சேர்த்திருக்கிறது. தொடக்கத்துக்கு நல்லது, ஆனாலும் அது ஓர் ஊகம்தான். நான் அதோடு நிற்காமல் காப்புரிமையின் முதல் பக்கத்தைத் திறந்துவிடுவேன். ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு எண் இருக்கும், எந்த நாட்டுக் காப்புரிமை ஆனாலும் பெரும்பாலும் இதே எண்கள்தான். 54 தலைப்பு, 72 கண்டுபிடித்தவர்கள், 73 உரிமையாளர். பழைய அமெரிக்கக் காப்புரிமைகளில் கண்டுபிடித்தவர்கள் 75இல் இருப்பார்கள். உங்கள் டாக்டர் பெயரோடு கூட இருக்கும் மற்ற பெயர்களைக் குறித்துக்கொண்டு, அவர்கள் டாக்டரின் கட்டுரைகளிலும் வருகிறார்களா என்று பாருங்கள். இரண்டு பேர் இரண்டு இடத்திலும் வந்தால் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும். உரிமையாளராக இருக்கும் மருத்துவமனையோ பல்கலைக்கழகமோ அவர் அந்த வருடம் வேலை பார்த்த இடமாக இருந்தால் இன்னும் கொஞ்சம்.

பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. அமெரிக்க அரசின் ஆராய்ச்சிப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பு என்றால், அரசுக்கு இதில் உரிமை உண்டு என்று காப்புரிமைக்குள் ஒரு பத்தி எழுதியாக வேண்டும். விளக்கப் பகுதியின் தொடக்கத்திலேயே பெரும்பாலும் இருக்கும், கூடவே மானிய எண்ணும் இருக்கும். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு டாக்டரின் கட்டுரைகளில் கடைசியில் உள்ள நன்றிப் பகுதியைப் பாருங்கள். அதே எண் அங்கேயும் இருந்து, பெயரும் வருடமும் ஒத்துப்போனால் நான் சேர்த்துவிடுவேன். தற்செயலாக ஒத்துப்போகிற விஷயம் அல்ல அது. ஒருமுறை நாள் முழுவதும் நானும் என்னுடன் வேலை செய்பவரும் தீர்க்க முடியாமல் உட்கார்ந்திருந்த ஒரு பெயரை, மாலையில் இப்படி ஒரு மானிய எண் ஒரே நொடியில் தீர்த்துவைத்தது. இருவரும் எழுந்து நின்று கை குலுக்கிக்கொண்டோம்.

அமெரிக்க டாக்டர் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. மருந்து, கருவி நிறுவனங்கள் 2013 ஆகஸ்ட் முதல் டாக்டர்களுக்குக் கொடுத்த பணத்தின் விவரத்தை ஓப்பன் பேமென்ட்ஸ் என்ற அரசுத் தளத்தில் வெளியிடுகிறார்கள். அதில் ராயல்டி, உரிமக் கட்டணம் என்று தனி வகை உண்டு. காப்புரிமையை வைத்திருக்கும் நிறுவனமே உங்கள் டாக்டருக்கு ராயல்டி கொடுத்திருந்தால் கிட்டத்தட்ட முடிவு தெரிந்த மாதிரிதான். அங்கே ஒன்றும் இல்லை என்பதால் அவர் கண்டுபிடிக்கவில்லை என்று ஆகாது, பல காப்புரிமைகள் ஒரு பைசாகூடத் தருவதில்லை.

இவ்வளவும் பார்த்து இன்னும் பிடிபடவில்லை என்றால், காப்புரிமை எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடமே கேளுங்கள். தயங்க வேண்டாம். அவருடையதாக இருந்தால் சந்தோஷமாகச் சொல்வார், இல்லையென்றால் இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்கும் தெரியவரும். அவருடையதுதான் என்றால் கூடவே இன்னொரு கேள்வியும் கேளுங்கள். எனக்குச் செய்யப்போகும் அறுவை சிகிச்சையில் அந்தக் கருவியைத்தான் பயன்படுத்தப் போகிறீர்களா, அதற்கு மாற்றாக வேறு என்ன இருக்கிறது?