இறக்கத்துக்குத்தான் பயப்பட வேண்டும்

வணக்கம்.

வரும் விடுமுறையில் நான், மனைவி, 13 வயது மகள், 9 வயது மகன் நால்வரும் ஒரு வாரம் மலைப்பகுதியில் சைக்கிளில் சுற்றலாம் என்றிருக்கிறோம். சமதளத்தில் பிள்ளைகள் ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் அலுக்காமல் ஓட்டுவார்கள். மலையில் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம்? சின்னவன் ஏற்றத்தில் திணறுவானோ என்றுதான் கவலை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கிலோமீட்டர் கணக்கை விடுங்கள். மலையில் பார்க்க வேண்டியது இன்றைக்கு எவ்வளவு உயரம் ஏறப்போகிறோம் என்பதைத்தான். 5 சதவீத ஏற்றம் என்றால் 10 கிலோமீட்டரில் 500 மீட்டர் மேலே போய்விடுவீர்கள். வரைபடத்தில் அது விரல் நீளம்கூட இருக்காது, ஆனால் சாமான் கட்டிய சைக்கிளில் மணிக்கு ஆறேழு கிலோமீட்டர் வேகத்தில், தண்ணீர் குடிக்க ஒரு தடவை, மூச்சு வாங்க ஒரு தடவை, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்க நாலு தடவை நின்று நின்று போனால் முற்பகல் அதற்கே சரியாக இருக்கும். முதல் இரண்டு நாள் 300, 400 மீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பல மலைகளில் பிற்பகலில் இடி மழை பிடித்துக்கொள்ளும், அதனால் விடிந்ததும் கிளம்பிவிடுவது நல்லது.

சின்னவன் திணறினால் என்ன, இறங்கித் தள்ளிக்கொண்டு வரட்டும். அதிலெல்லாம் கௌரவம் பார்ப்பது அப்பாக்கள்தான். பத்துப் பன்னிரண்டு கிலோ சைக்கிள் என்பதே அவன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரும், ஆகவே அவன் கேரியரில் எதையும் கட்டாதீர்கள்.

நான் பயப்படுவது நீங்கள் கேட்காத இறக்கத்துக்கு. பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் வேகம் முழுவதும் சூடாக மாறி ரிம்மில் ஏறும், ரொம்பச் சூடானால் ட்யூபே வெடிக்கலாம். நேரான இடத்தில் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே வேகம் குறைந்திருக்க வேண்டும், வளைவுக்குள் போனபிறகு பிடித்தால் சக்கரம் வழுக்கும். இதைச் சொன்னால் போதாது, வீட்டுப் பக்கத்திலேயே ஒரு சரிவில் பழக்குங்கள். அப்புறம் சின்னவன் கையைப் பாருங்கள். விரல்களை எட்டி நீட்டாமல் பிரேக் லிவரை வளைத்துப் பிடிக்க முடிகிறதா? பெரும்பாலான லிவர்களில் ஒரு குட்டித் திருகு இருக்கும், அதைத் திருகினால் லிவர் ஹேண்டில்பாருக்குப் பக்கத்தில் வரும். அப்படியும் பிஞ்சு விரல்கள் சீக்கிரம் கடுக்கும், இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்று கையை உதறச் சொல்லுங்கள்.

உச்சியில் வேர்வையோடு அப்படியே இறங்கிவிடாதீர்கள். 1000 மீட்டர் உயரத்துக்கு ஆறேழு டிகிரி குளிர் கூடும், இறங்கும்போது மிதிக்காததால் உடம்பிலும் சூடு இருக்காது, எதிர்க்காற்று வேறு. காற்றுப் புகாத ஜாக்கெட்டைப் போட்டுவிட்டுத்தான் சைக்கிளில் ஏற வேண்டும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் பிள்ளைகள், முன்னால் போகிறவரை யாரும் முந்தக்கூடாது.

கிளம்புமுன் பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றுங்கள், பாதி இருக்கிறதே என்று பார்க்க வேண்டாம். மழையில் மண்ணும் சேர்ந்து கட்டை மளமளவென்று தேயும், ஒரு ஜோடி கூடுதலாகவே பையில் இருக்கட்டும்.