சாய்ச்சா வேற கலர்!

கேள்வி: ஃப்ரெண்டு ஒருத்தி கண்ணாடி பெண்டன்ட் போட்டிருக்கா, நேரா பாத்தா நீலம், சாய்ச்சா ஊதா, வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சா மஞ்சள். சாயம் பூசினதா? வெளுத்துடுமா?

பதில்: சாயமே இல்லீங்க, அப்புறம் எங்க வெளுக்குறது! நீங்க சொல்றத வெச்சுப் பாத்தா அது டைக்ரோயிக் கண்ணாடி. சோப்புக் குமிழி மேல கலர் கலரா ஓடும்ல, அதே சங்கதிதான். வெற்றிட அறைக்குள்ள வெச்சு டைட்டானியம், சிலிக்கான் ஆக்சைடுகளை கண்ணாடி மேல அடுக்கு அடுக்கா படிய விடுவாங்க, ஒவ்வொண்ணும் தலைமுடிய விட பல நூறு மடங்கு மெல்லிசு, அந்த அடுக்குகள்ல பட்டுத் திரும்புற ஒளி அலைங்க ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து சில கலர தூக்கிக் காட்டும், சிலத அமுக்கிடும். அமுங்கின கலர் காணாமப் போகல, கண்ணாடிய ஊடுருவி அந்தப் பக்கம் வந்துடுது, நீங்க பாத்த மஞ்சள் அதான். வெளுக்காது, ஆனா கீறல் விழும். மேல தெளிவான கண்ணாடி இன்னொண்ணு உருக்கி மூடியிருந்தா கவலை இல்ல. டைட்டானியம் நகைலயும் கலர் வர்றது இப்படித்தான், மின்சாரம் பாய்ச்சி ஆக்சைடு தோல தடிப்பாக்குவாங்க, வோல்ட்டேஜ் மாறினா கலர் மாறும், அத அரம் போட்டு ராவினீங்கன்னா கலர் காலி!

கேள்வி: தங்கம் இல்ல, கல் இல்ல, வெறும் கண்கட்டு வித்தை. இதெல்லாம் ஒரு நகையா?

பதில்: வைரம் மட்டும் என்னவாம்? ஒளிய எவ்வளவு வளைக்கும்னு சொல்ற ஒளிவிலகல் எண் அதுக்கு 2.42, உள்ள போன ஒளி சுமார் 24 டிகிரிக்கு மேல சாய்ஞ்சு பட்டா வெளிய வர முடியாம உள்ளயே திரும்பிடும், பட்டை தீட்டுறவர் அத மறுபடி நம்ம கண்ணுக்கே திருப்பி விடுறார். அதுவும் வித்தைதானே! பொடி வைரத்தச் சுத்தி பளபளன்னு தகடு வெட்டி பெரிய கல்லுன்னு நம்ப வைக்கிற வேலைய நகைக்காரங்க ரொம்ப நாளா பண்றாங்க, அத யாரும் கேள்வி கேக்கல. நெதர்லாந்துல கைஸ் பாக்கர்னு ஒரு நகை வடிவமைப்பாளர் 1973ல ஒருபடி மேல போனார், தங்கக் கம்பிய உடம்புல இறுக்கமா சுத்தி, கழட்டினப்புறம் தோல்ல பதிஞ்ச கோடுதான் நகைன்னுட்டார். எனக்கு ரொம்பப் பிடிச்ச துணிச்சல் அது.

கேள்வி: ஓட்டை போட்ட ரெண்டு தகடு ஒண்ணு மேல ஒண்ணா தொங்குற கம்மல் வாங்கினேன். ஆடினா அலை ஓடுது. தலை சுத்துமா?

பதில்: அலை எந்தத் தகட்டுலயும் இல்ல, ரெண்டு ஓட்டை வரிசை லேசா விலகுறப்போ கண்ணுக்குத் தெரியுற மாயக் கோலம், பேரு மொயிரே. தலை சுத்தினா உங்களுக்கு இல்ல, எதிர்ல உக்காந்து பேசுறவங்களுக்கு!