பின்சீட்டு ஹெல்மெட்டை முதலில் மாற்றுங்கள்

கேள்வி: நானும் கணவரும் மாதம் ஒருமுறையாவது பைக்கில் கொல்லிமலை, ஏற்காடு என்று கிளம்பிவிடுவோம். ஓடுகிற வண்டியில் பேசிப் பேசியே தொண்டை கட்டிக்கொள்கிறது. தோளைத் தட்டினால் அவர் பதறிப்போய் பிரேக் பிடிக்கிறார். ஹெல்மெட்டில் மாட்டும் இன்டர்காம் கேட்டுப் போனால், கடைக்காரர் ஜோடி 40 ஆயிரத்துக்கு மெஷ் மாடலைக் காட்டி, 'இதில்தான் ரேஞ்ச் அதிகம்' என்கிறார். ஆன்லைனில் ஐந்தாறாயிரத்துக்கே ஜோடி கிடைக்கிறது. அவருக்கு ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட், எனக்குப் பாதி ஹெல்மெட். எதை வாங்கலாம்?
- வாசகி, ஈரோடு

பதில்: ஒரே வண்டியில் உட்கார்ந்து பேசப்போகிற இரண்டு பேருக்கு ரேஞ்ச் எதற்கு? மெஷ் என்பது பத்துப் பதினைந்து வண்டிகளாகக் கூட்டமாகப் போகிறவர்களுக்கு. சாதாரண புளூடூத் இன்டர்காமில் ஒருவரோடு அடுத்தவர், அவரோடு அதற்கடுத்தவர் என்று இணைப்பு போகும். நடுவில் ஒருவர் டீக்கடையில் நின்றுவிட்டால் அவருக்குப் பின்னால் இருப்பவர்களும் அறுந்துபோவார்கள். மெஷ்ஷில் எல்லோரும் வலைபோல ஒருவரோடொருவர் இணைந்திருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. போனவர் திரும்பி வந்தாலும் தானாகச் சேர்ந்துகொள்வார். கார்டோ நிறுவனத்தின் பேக்டாக் வரிசையில் 15 பேர் வரை இப்படிப் பேசலாம். நல்ல சரக்குதான், உங்களுக்கு வேண்டியதில்லை. பெட்டியில் போட்டிருக்கும் ரேஞ்சும் வெட்டவெளிக் கணக்கு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மலையே குறுக்கே நிற்கும்.

ஆகவே சாதாரண புளூடூத் ஜோடியே போதும். அதிலும் அடிமட்ட விலைக்குப் போகாமல், கெட்டால் பழுது பார்க்க நம் நாட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெங்களூரின் புளூஆர்மர் போன்ற உள்நாட்டு நிறுவனங்களும் இருக்கின்றன.

மிச்சமாகும் பணத்தில் உங்களுக்கு ஒரு ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் வாங்குங்கள். ஓட்டுகிறவருக்கு நல்ல ஹெல்மெட், பின்னால் இருப்பவருக்கு வண்டியோடு இலவசமாக வந்த தொப்பி என்ற வழக்கம் எந்த ஊரில் தொடங்கியதோ தெரியவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவு இருவரையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது. இன்டர்காம் விஷயத்திலும் இது முக்கியம். உங்கள் மைக்கில் அடிக்கும் காற்று உங்களுக்குக் கேட்காது, அவர் காதில்தான் போய் இரையும். பாதி ஹெல்மெட்டில் வாய் திறந்தவெளியில் இருப்பதால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் 'உஸ்ஸ்' என்ற சத்தத்துக்கு நடுவில்தான் உங்கள் குரலை அவர் தேட வேண்டும். ஹெல்மெட்டுக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 4151, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கிறதா என்று பாருங்கள். காதுப் பக்கம் ஸ்பீக்கருக்கான குழி இருந்தால் இன்னும் நல்லது.

ஃபுல் ஃபேஸுக்கு ஒயரோடு வரும் பட்டன் மைக்கை, தாடைப் பகுதியின் உட்புறம் உதட்டுக்கு நேராக ஒட்டுங்கள். அதன் மேலிருக்கும் பஞ்சைக் கழற்றவே கூடாது.

பலபேர் 'சவுண்டே இல்லை' என்று திருப்பி அனுப்புவது ஸ்பீக்கரைத் தவறான இடத்தில் ஒட்டிவிட்டுத்தான். ஒரு சென்டிமீட்டர் விலகினாலே சத்தம் பாதியாகத் தோன்றும். முதலில் வெல்க்ரோவில் லேசாக வையுங்கள். ஹெல்மெட்டைப் போட்டு ஒரு பாட்டை ஓடவிட்டு, இரண்டு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்து மெல்ல முன்னே, பின்னே, மேலே, கீழே நகர்த்துங்கள். முன்னே தள்ளும்போது சத்தம் கூடினால் ஸ்பீக்கரை முன்னே நகர்த்த வேண்டும். இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். அதற்குப் பிறகு அழுத்தி ஒட்டலாம். ஸ்பீக்கர் காதை அழுத்துகிறது என்று உள்ளே இருக்கும் தெர்மோகோலை மட்டும் சுரண்டிவிடாதீர்கள். அடியை வாங்கிக்கொள்வது அதுதான். இன்டர்காமை மாட்ட ஹெல்மெட்டில் ஓட்டை போடுவதும் கூடாது, கிளாம்ப்போ டேப்போ போதும்.

சத்தம் போதவில்லை என்று வால்யூமை ஏற்றிக்கொண்டே போவதும் நல்லதில்லை. 100 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சலே 95, 100 டெசிபலைத் தொடும். 85 டெசிபலில் 8 மணி நேரம் காது தாங்கும் என்றால், 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் என்பது அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியாஷின் வரம்பு. நெடுஞ்சாலையில் பஞ்சுக் காதடைப்பான் போட்டுப் பாருங்கள். இரைச்சல் அடங்கி பேச்சு தெளிவாகக் கேட்கும், லாரி ஹார்னும் கேட்கும்.

பாட்டு கேட்டுக்கொண்டே பேசலாம் என்ற விளம்பரத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம். பல புளூடூத் மாடல்களில் இன்டர்காம் இணைப்பு போன் பேசுவதற்கான வழியில் போகிறது. அதனால் பேச்சு தொடங்கினால் பாட்டு நின்றுவிடும், இல்லையென்றால் பழைய ரேடியோ போல மங்கிவிடும்.

வழி சொல்வதற்கு அவருடைய போனை அவருடைய யூனிட்டோடு மட்டும் இணையுங்கள். கூகுள் மேப்ஸ் தமிழிலேயே சொல்லும்; அமைப்புகளில் புளூடூத் வழியாகக் குரல் வர வேண்டும் என்பதை இயக்கிவிடுங்கள். அப்புறம் ஒன்று. சில யூனிட்டுகள் அழைப்பு வந்தால் சில நொடிகளில் தாமாகவே எடுத்துவிடும். அதை வீட்டிலேயே அணைத்துவிட்டுக் கிளம்புங்கள், இல்லையென்றால் நாற்பதாவது வளைவில் யாரோ உங்கள் கணவருக்குத் தனிநபர் கடன் வேண்டுமா என்று கேட்பார்கள்.