யானைமலைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

உங்கள் ஊர்ப் பக்கத்து மலைக்கோ பாறைக்கோ சொல்லப்படும் கதை என்ன, அதில் உண்மை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மதுரை ஒத்தக்கடைக்காரன். எங்களுக்கு யானைமலையை விட்டால் வேறு கதை ஏது!

மேலூர் ரோட்டில் வருபவர்கள் யாரும் இதைத் தவறவிட முடியாது. சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பாறை. துதிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் யானையேதான்.

ஊரில் எல்லோரும் சொல்வது திருவிளையாடல் புராணக் கதை. விக்கிரம பாண்டியன் மதுரையை ஆண்டபோது, அவனை வெல்ல முடியாத சோழன் சமணர்களை ஏவி வேள்வி நடத்தினான். அதிலிருந்து கிளம்பிய பெரிய யானை மதுரையை அழிக்க வந்தது. சொக்கநாதர் வேடனாக வந்து நரசிங்கக் கணையை எய்தார். விழுந்த யானை மலையாகிவிட்டது. இதே வரிசையில் சமணர்கள் ஏவிய பாம்பு நாகமலை ஆனது, மாயப்பசு பசுமலை ஆனது. ஊரைச் சுற்றியுள்ள மூன்று மலைகளையும் ஒரே பகையின் எச்சமாக்கிய கதை இது.

சரி, உண்மைக்கு வருவோம். மலைமேல் சமணத் துறவிகள் தங்கிய குகைத்தளத்தில், ஏறத்தாழ 2000 ஆண்டுகள் பழமையான தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. அதில் இந்த மலையின் பெயர் ‘இவகுன்றம்’. இபம் என்றால் யானை. ஆக, புராணம் எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, அங்கே வாழ்ந்த சமணர்களே அதை யானைக் குன்றம் என்றுதான் அழைத்திருக்கிறார்கள். மலையின் உருவம் பெயரைக் கொடுத்தது; பெயரைப் பிடித்துக்கொண்டு கதை பின்னால் வந்தது. 7ஆம் நூற்றாண்டில் மதுரைக்கு வந்த சம்பந்தரும் ‘ஆனைமாமலை ஆதியாய இடங்களில்’ இருந்த சமணர்களைத்தான் பாடுகிறார். சைவ, சமணப் பகை அவர் பாட்டிலேயே சூடாக இருக்கிறது. அந்தச் சூடுதான் பிறகு யானைக் கதையாகியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் பாறை இன்னொரு பக்கத்தையும் வைத்திருக்கிறது. மலையடிவாரத்து நரசிங்கம் ஊரில் உள்ள நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயிலை, பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி 770இல் எடுப்பித்தார். அவர் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் வேலையை முடித்தார். அங்கிருந்து மேலே ஏறினால் பாறை முகப்பில் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை எனச் சமணச் சிற்பங்கள் வரிசையாக இருக்கும். பழைய சுண்ணாம்புப் பூச்சும் வண்ணமும் இன்னும் அங்கங்கே ஒட்டியிருக்கின்றன. கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் பொறித்திருப்பதைப் படிக்கத் தெரிந்தவர் யாராவது கூட இருந்தால் கேளுங்கள். இந்தத் திருமேனிகளுக்கு நரசிங்கமங்கலத்துச் சபையார் பாதுகாப்பு என்று வரும். யோசித்துப் பாருங்கள், பெருமாள் கோயிலை வைத்திருந்த ஊர்ச்சபைதான் சமணச் சிற்பங்களுக்கும் காவல். நான் பிள்ளைகளை அழைத்துப்போனால் யானைக் கதையைக் கட்டாயம் சொல்வேன், அப்புறம் இந்த வரியையும் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

நாகமலைப் பக்கம் கீழக்குயில்குடிக்குப் போனால் இன்னொரு வகைக் கதை. அங்கே செட்டிப்புடவு என்ற குகையில் உள்ள சமணத் தீர்த்தங்கரர் சிற்பத்துக்குக் காது நீளம். செட்டியார் காது மாதிரி இருப்பதால் ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியார் ஆக்கிவிட்டார்கள். பகை எதுவும் இல்லாத, பாசமான கதை.

2010 வாக்கில் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் பேசப்பட்டபோது நரசிங்கம் பகுதி மக்கள் எதிர்த்தார்கள், திட்டம் நின்றது. அந்த மக்களுக்கு நான் கடன்பட்டவன். பார்க்க வருகிறவர்கள் காலையிலேயே ஏறிவிடுங்கள், பாறை சீக்கிரம் சுடும். சிற்பங்கள் மேல் கை வைக்காதீர்கள், பெயர் கிறுக்காதீர்கள்.