தையல் யூனிட்டில் வேலைமுறையை மாற்றுவது: கேள்வி பதில்

பின்னலாடை யூனிட்களில் வேலைமுறை மாற்றங்களை நடத்திக் கொடுப்பதுதான் என் தொழில். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: திருப்பூரில் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். பேக்கிங் முறையை மாற்றினோம். பழகும்வரை கூடுதல் பணமும் தருகிறோம், அப்படியும் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். ஏன்?

பதில்: இதேபோல ஒன்று அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்து மேரியன் ஊரில், ஹார்வுட் என்ற பைஜாமா கம்பெனியில் நடந்தது. லெஸ்டர் காக், ஜான் பிரெஞ்ச் இருவரும் 1948-ல் அதை ஆய்வாக வெளியிட்டார்கள். அயர்ன் செய்பவர்கள் அதுவரை அரை டஜன் உருப்படியை அட்டைமேல் அடுக்கினார்கள், இனிமேல் பெட்டிக்குள் அடுக்க வேண்டும், அவ்வளவுதான் மாற்றம். கூட்டம் போட்டு அறிவித்தார்கள், புது பீஸ் ரேட்டையும், அதாவது ஒரு உருப்படிக்கு எவ்வளவு கூலி என்பதையும் சொன்னார்கள். வேலை மாறியவர்களுக்குத் தனிப் படி கொடுக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. ஆனாலும் 40 நாளுக்குள் 17 சதவீதம் பேர் விலகிவிட்டார்கள், உற்பத்தியும் பழைய நிலைக்கு வரவில்லை. செக்கிங் ஆட்களிடம் மட்டும் வேறு மாதிரி: எதை மாற்றலாம், ரேட்டை எப்படிப் போடலாம் என்று எல்லோரையும் உட்காரவைத்தே முடிவெடுத்தார்கள். ஒருவர்கூடப் போகவில்லை, உற்பத்தி பழையதைவிடச் சுமார் 14 சதவீதம் கூடியது. எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்தது. அந்த முதல் குழுவில் மிஞ்சியவர்களையே சில மாதம் கழித்து இன்னொரு வேலைக்கு இதேபோல் கலந்துபேசி மாற்றினார்கள், சீக்கிரமே பழகிவிட்டார்கள். அதே ஆட்கள்! போன மூன்று பேரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். ரேட்டை எழுதிவைத்துவிட்டுக் கருத்துக் கேட்காதீர்கள்.

கேள்வி: எதிர்ப்பவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: முதல் கேள்விக்குச் சொன்ன பதிலையே படியுங்கள்.

கேள்வி: ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் ஈஆர்பி மென்பொருளில் எதை வாங்கலாம்?

பதில்: அது என் துறை இல்லை. உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள், ஸ்டோரில் என்ட்ரி போடுபவரையும் கூடவே வைத்துக்கொண்டு.

கேள்வி: 70 சதவீத மாற்றங்கள் தோற்கின்றன என்று எல்லா ட்ரெயினரும் சொல்கிறார்களே?

பதில்: அதற்கு ஆதாரம் கிடையாது. 1993-ல் நிர்வாகப் புத்தகம் எழுதிய ஹாமரும் சாம்பியும் 50 முதல் 70 சதவீதம் என்று எழுதியபோதே அது அறிவியல் முறைப்படி எடுத்த கணக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 2011-ல் மார்க் ஹியூஸ் என்ற ஆய்வாளர் அந்த எண்ணைச் சொன்ன ஐந்து இடங்களைத் தேடிப் பார்த்தார், எதிலும் சரியான சான்று இல்லை.

அதே நபர்: எண் தப்பாக இருந்தாலும் முதலாளியைப் பயமுறுத்தப் பயன்படுகிறதே, சார்?

பதில்: பயந்த முதலாளி என்ன செய்வார்? அவசரப்படுவார், சூப்பர்வைசரை விரட்டுவார், அவர் டைலர்களை விரட்டுவார். இதை நானே பல யூனிட்டில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இந்த எண்ணைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. தயவுசெய்து உங்கள் ஸ்லைடிலிருந்து அதை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நேரமே இல்லை, திங்கட்கிழமை லைன் மாறியாக வேண்டும். அறிவித்துவிடலாமா?

பதில்: ரேட்டை எழுதிவிட்டீர்களா? இல்லையென்றால் சனிக்கிழமை ஒரு மணி நேரம் மிஷினை நிறுத்துங்கள், அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு என்று முதலில் சொல்லிவிட்டு அவர்களையே பேசவிடுங்கள்.