இரண்டே நாளில் முழங்கால் வலியைப் போக்கும் பொடி

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. உயரம் 154 செ.மீ., எடை 74 கிலோ. 12 வருடமாகச் சர்க்கரை நோய். போன வருடம் இதய ரத்தக்குழாய் அடைபடாமல் இருக்க ஸ்டென்ட் என்ற கம்பிவலைக் குழாயை வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரல் சாப்பிடுகிறார். இரண்டு முழங்காலிலும் ஜவ்வு தேய்ந்துவிட்டதாக எக்ஸ்ரே சொல்கிறது. அறுவை சிகிச்சை என்றாலே பயப்படுகிறார். மூன்று மாதமாக ஒரு நாட்டு வைத்தியர் தரும் பொடியைத் தினமும் இரண்டு வேளை தேனில் குழைத்துச் சாப்பிடுகிறார். இரண்டே நாளில் வலி போய்விட்டது, பசியும் நன்றாக எடுக்கிறது. முகம்கூடப் பூரிப்பாகிவிட்டது. ஆனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை 130லிருந்து 210க்குப் போய், கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். இப்போது அக்குபஞ்சர், தைலச் சிகிச்சை, மஞ்சள் கேப்சூல் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதைச் செய்யலாம்? பொடியைத் தொடரலாமா?

பதில்: நீங்கள் கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்தப் பொடியைத் தொடரக் கூடாது. ஆனால் இன்றைக்கே சட்டென்று நிறுத்தவும் கூடாது.

தேய்மான வலியை இரண்டே நாளில் துடைத்தெடுக்கும் மூலிகை எதுவும் கிடையாது. இரண்டு நாளில் வலி போய், பசி கூடி, முகம் உருண்டு, சர்க்கரையும் ஏறினால் முதல் சந்தேகம், வீக்கத்தையும் வலியையும் வேகமாக அடக்கும் ஸ்டீராய்டு மருந்து. பெயரில்லாத மூட்டுவலிப் பொடிகளில் டெக்ஸாமெதசோன், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகளையும், டைக்லோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளையும் அரைத்துக் கலப்பது பழைய தந்திரம். அக்கம்பக்கத்தார் கண்ணுக்குப் பூரிப்பாகத் தெரியும் முகம், மருத்துவர் கண்ணுக்கு ஸ்டீராய்டு வீக்கமாகத் தெரியும். கைகளில் லேசாக இடித்தாலே கன்றிப்போகிறதா, தோல் மெலிந்திருக்கிறதா, கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டிருக்கிறதா என்று பாருங்கள். டைக்லோஃபினாக் வகையும் கலந்திருந்தால் ஆபத்து இரட்டிப்பு. ஆஸ்பிரின், குளோபிடோகிரலோடு அது சேரும்போது வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியலாம். மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஏன் சட்டென்று நிறுத்தக் கூடாது? வெளியிலிருந்து ஸ்டீராய்டு சில வாரங்கள் தொடர்ந்து கிடைத்தால், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். மூன்று மாதம் தாராளமாகப் போதும். பொடியை ஒரே நாளில் நிறுத்தினால் வாந்தி, தள்ளாட்டம், ரத்த அழுத்தச் சரிவு, மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆகவே இந்த வாரமே ஒரு பொது மருத்துவரையோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையோ பாருங்கள். மிச்சமிருக்கும் பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டு போங்கள். காலை 8 மணிக்கு, அன்றைய பொடியைச் சாப்பிடுவதற்கு முன்பு, அட்ரீனல் சுரக்கும் கார்டிசாலின் அளவைப் பார்க்க ரத்தம் கொடுக்க வேண்டும். அதோடு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம், ஈரல் பரிசோதனை, ஹீமோகுளோபின் எல்லாம் பார்ப்பார்கள். தீராத மலச்சிக்கல், வயிற்று வலி, ரத்தசோகை மூன்றும் சேர்ந்திருந்தால் பொடியில் ஈயம் கலந்திருக்கலாம், ரத்தத்தில் ஈயத்தின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு என்று உறுதியானால் பொடியை நிறுத்திவிட்டு, அளவு தெரிந்த ஸ்டீராய்டு மாத்திரைக்கு மாற்றி அதைப் படிப்படியாகக் குறைப்பார்கள்.

இதில் பலரும் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. பொடியால் ஏறிய சர்க்கரைக்காகத்தான் கிளிமிபிரைடு கூட்டப்பட்டிருக்கிறது. ஸ்டீராய்டு குறையக் குறையச் சர்க்கரையும் இறங்கும். கூட்டிய மாத்திரை அப்படியே இருந்தால் தாழ்சர்க்கரை வரும். அந்த நாட்களில் வீட்டிலேயே தினமும் வெறும் வயிற்றிலும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் சர்க்கரை பாருங்கள். 100க்குக் கீழே வந்தால் மாத்திரை அளவை மருத்துவரிடம் கேளுங்கள். 70க்குக் கீழே இறங்கினால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

சித்த மருத்துவத்தின் மீது பழி போடுவதாக நினைக்க வேண்டாம். முறையாகப் படித்த சித்த மருத்துவர் மருந்தின் பெயரை எழுதிக் கொடுப்பார். மருந்து டப்பாவில் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தேதி எல்லாம் இருக்கும். தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும், அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவுகளிலும் அப்படித்தான் தருகிறார்கள். ஆனால் பற்பம், செந்தூரம் போன்ற உலோகம் சேரும் மருந்துகளை, உரிமம் உள்ளதாகவே இருந்தாலும், கிரியேட்டினின் தெரியாமல் அம்மாவுக்குக் கொடுக்க வேண்டாம். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாவது இருந்தது. 12 வருடச் சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தை வைத்து அந்தச் சோதனையைச் செய்ய வேண்டியதில்லை.

அக்குபஞ்சர் செய்யலாம், ஆனால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு. ஜெர்மனியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முழங்கால் தேய்மான நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2006இல் வெளியானது. 26 வாரம் கழித்து, முறைப்படி ஊசி குத்தியவர்களில் 100க்கு 53 பேருக்குப் பலன். அக்குபஞ்சர் புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 51 பேருக்குப் பலன். மருந்தும் மருத்துவர் ஆலோசனையும் மட்டும் பெற்றவர்களில் 29. ஊசி போட்டுக்கொண்டால் பலருக்கு வலி குறைகிறது. எந்தப் புள்ளியில் குத்துகிறார்கள் என்பது பெரிய விஷயமில்லை என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. 2019இல் வந்த அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்க வழிகாட்டுதல் அக்குபஞ்சரை நிபந்தனையோடு ஏற்றது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் வேண்டாம் என்றது. இரண்டு பக்கமும் பார்த்தது ஏறக்குறைய ஒரே ஆதாரத்தைத்தான்.

போவதானால், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியை உங்கள் கண் முன்னால் உறை பிரித்து எடுக்கிறார்களா என்று பாருங்கள். வெறும் வயிற்றோடு போகக் கூடாது, படுத்த நிலையில்தான் குத்திக்கொள்ள வேண்டும். உட்கார்ந்தபடி குத்தும்போது சிலருக்கு மயக்கம் வருகிறது. குளோபிடோகிரல் சாப்பிடுவதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஊசி எடுத்த இடத்தை இரண்டு நிமிடம் பஞ்சால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால் முழங்காலுக்குக் கீழே ஊசி வேண்டாம், மூலிகையைக் கொளுத்திச் சூடு காட்டுவதும் வேண்டாம். வாரம் ஒன்றோ இரண்டோ அமர்வு போதும். ஆறு அமர்வில் எந்த மாற்றமும் இல்லையென்றால் பணத்தை மிச்சப்படுத்துங்கள். "சர்க்கரை மாத்திரையையும் இதய மாத்திரையையும் நிறுத்தினால்தான் இது வேலை செய்யும்" என்று சொல்லும் இடத்திலிருந்து அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள். மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைய வாய்ப்பு உண்டு. தோலைக் கீறிக் கிண்ணம் வைத்து ரத்தம் எடுக்கும் கப்பிங் அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம்.

தைலம் தேய்ப்பது எனக்கும் பிடித்த சிகிச்சைதான். எண்ணெய் குருத்தெலும்புக்குள் போய் எதையும் வளர்க்காது. இறுகிப்போன தொடைத் தசை தளர்வதால் வலி குறைகிறது. முழங்கால் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை 60 நிமிடம் மசாஜ் செய்து பார்த்த அமெரிக்க ஆய்வில் எட்டு வாரத்தில் நல்ல பலன் தெரிந்தது; ஓராண்டு முடிவில் மற்றவர்களோடு பெரிய வித்தியாசம் இல்லை. செய்கிற வரைக்கும் சுகம் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் என்றால் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி, வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். கற்பூராதித் தைலமும் ஆகும், வெறும் நல்லெண்ணெயும் ஆகும். கால் மூட்டுச் சில்லின் மீது அழுத்தாமல், அதற்கு மேலே முன்தொடையிலும் இரு பக்கங்களிலும் உள்ளங்கையால் 10 நிமிடம் நீவ வேண்டும். குளோபிடோகிரல் சாப்பிடுபவரைக் கட்டை விரலால் குத்தி அழுத்தினால் கன்றிவிடும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் தேய்க்கவே கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். முடித்ததும் பாதத்து எண்ணெயைத் துணியால் நன்றாகத் துடைத்த பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். எண்ணெய்க் காலோடு டைல்ஸ் தரையில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வதுதான் இந்தச் சிகிச்சையின் முதல் எதிரி.

நொச்சி இலை, தவிடு, கல்லுப்பு எதில் ஒத்தடம் கொடுத்தாலும், முதலில் கொடுப்பவர் தன் முன்கையின் உட்புறத்தில் 10 விநாடி வைத்துப் பார்க்க வேண்டும். நாள்பட்ட சர்க்கரை நோயில் சூடு உறைக்காமல் போகலாம். கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வறுத்த உப்பு ரொம்ப நேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் அதற்கு இரண்டு மடிப்புத் துண்டு அவசியம். மூட்டு சிவந்து, தொட்டால் கொதித்து, காய்ச்சலும் இருந்தால் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பில் மூட்டுக்குள் சீழ் பிடிப்பது எளிது.

மஞ்சள் கேப்சூல் அம்மாவுக்கு வேண்டாம். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளில் இருக்கும் குர்குமின் என்ற வேதிப்பொருள் ஏறக்குறைய 90 மில்லிகிராம், 500 மி.கி. கேப்சூல் ஒன்றில் 475 வரை இருக்கும். உடம்பு கூடுதலாக உறிஞ்சுவதற்காக மிளகுச் சத்தையும் சேர்க்கிறார்கள். சிறிய ஆய்வுகளில் தேய்மான வலி கொஞ்சம் குறைந்திருப்பது உண்மைதான். ஆனால் இந்த வகைக் கேப்சூல்களால் ஈரல் பாதிப்பு வந்ததாக இத்தாலியும், 2023இல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் எச்சரித்திருக்கின்றன. ரத்தம் உறைவதைத் தடுக்கும் இரண்டு மாத்திரைகளோடு மூன்றாவதாக இதையும் சேர்ப்பானேன்? குழம்பில் போடும் மஞ்சளுக்கும், மிளகு தட்டிப் போட்ட மஞ்சள் பாலுக்கும் தடையில்லை. முடவாட்டுக்கால் சூப்பும் பிரண்டைத் துவையலும் அப்படித்தான். சாப்பாடாகச் சாப்பிடலாம், ஜவ்வு வளரும் என்று நம்பி வாங்க வேண்டாம். குளுக்கோசமைன் மாத்திரை, காந்தப் பட்டை இரண்டுக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

இந்த வரிசையில் உண்மையிலேயே ஆதாரம் பலமாக இருப்பது உடற்பயிற்சிக்கும் எடைக் குறைப்புக்கும்தான். ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் நாலு கிலோ குறைகிறது. காலை நீட்டிப் படுத்து, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி 5 விநாடி பிடித்து விட வேண்டும். ஒரு காலுக்கு 10 முறை, தினம் மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது, இதய நோயாளிக்கு ரத்த அழுத்தம் எகிறும். ஒரு வாரம் கழித்து, கைப்பிடி உள்ள உயரமான நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியைச் சேர்க்கலாம். 5 முறையில் தொடங்கி 15 வரை போகலாம். பயிற்சியால் கூடிய வலி மறுநாள் காலையிலும் குறையாமல் இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். யோகா என்றால் நாற்காலி யோகா. வஜ்ராசனமும் பத்மாசனமும் இந்த மூட்டுக்கு ஆகாது. ஊன்றுகோலை வலி அதிகமுள்ள காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும். பலர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். கையைத் தொங்கவிட்டு நின்றால் கோலின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும்.

ஸ்டீராய்டு குறையத் தொடங்கியதும் வலி முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். "பார்த்தாயா, அந்த மருந்துதான் கேட்டது" என்று அம்மா பழைய வைத்தியரிடமே ஆள் அனுப்புவது அப்போதுதான். இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தைலம், ஒத்தடம், அக்குபஞ்சர் எல்லாவற்றையும் அந்தச் சில வாரங்களுக்கு என்றே ஒதுக்கிக்கொள்ளலாம். ஈரல் பரிசோதனை சரியாக இருந்தால் பாராசிட்டமால் 500 மி.கி. மாத்திரை வேளைக்கு ஒன்றோ இரண்டோ, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு ஆறுக்கு மேல் போகாமல். உங்கள் இதய மருத்துவர் சம்மதித்தால் டைக்லோஃபினாக் ஜெல் ஒரு முழங்காலுக்கு 4 கிராம், தினம் மூன்று அல்லது நாலு முறை. 30 கிராம் ட்யூப் ஒன்று ஏழு முறைக்குத்தான் வரும். பட்டாணி அளவு தடவிவிட்டு ஜெல் கேட்கவில்லை என்று சொல்லக் கூடாது. ஜெல் தடவிய இடத்தில் அந்த வேளை ஒத்தடம் வேண்டாம். ஸ்டீராய்டு குறைக்கும் இந்த நாட்களில் காய்ச்சலோ வாந்தியோ வந்து மாத்திரை உள்ளே தங்கவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போய், "மூன்று மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்" என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.